20ஆம் லெவலுக்கு எந்தப் பாத்திரம்: ஃபைட்டரா, விசார்டா, பாலடினா?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பகடை உருட்டிக் கதைக்குள் பாத்திரமாக ஆடும் விளையாட்டில், பல குழுக்கள் உச்சமான 20ஆம் லெவலை எட்டுவதே இல்லை. விதிப்படி அங்கே போய்ச் சேர 3,55,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். ஒரே பாத்திரத்தோடு வாரம் தவறாமல் ஆடினாலும் அதற்கு வருடக்கணக்கில் ஆகும். அதற்குள் ஒருவருக்கு வேலை மாறும், ஒருவருக்குக் கல்யாணம் ஆகும், குழு கலைந்துவிடும். அதனால் பெரிய லெவல் ஆட்டம் பலருக்கும் வேறு வழியாகத்தான் வருகிறது. கதையை நடத்தும் டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) ஒருநாள், “மூன்று செஷனில் முடிகிற மாதிரி ஒரு பெரிய கதை வைத்திருக்கிறேன், எல்லாரும் 20ஆம் லெவல் பாத்திரம் செய்துகொண்டு வாருங்கள்” என்பார். 1ஆம் லெவலிலிருந்து வளர்த்த பழக்கம் எதுவும் இல்லாமல், வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு நேராக உச்சியில் ஏறி நிற்க வேண்டும்.

அந்தத் தாளில் எந்த வகுப்பை, அதாவது ஃபைட்டர் (போர்வீரர்), விசார்ட் (மந்திரவாதி), பாலடின் (புனித உறுதிமொழி எடுத்த வீரர்) போன்ற எந்த வகையை, எழுதுவது என்பதுதான் இங்கே பேச்சு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை வைத்துப் பேசுகிறேன், நம்மில் பலர் இன்னும் அதைத்தான் ஆடுகிறோம். 2024இல் வந்த திருத்திய விதிநூல் இந்தக் கணக்கில் எதையெல்லாம் மாற்றியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பாத்திரங்களை ஒப்பிடும்போது எல்லாரும் முதலில் எடுப்பது டேமேஜ் கணக்கு. ஒரு சுற்றுக்கு எத்தனை அடி, ஒரு அடிக்கு எத்தனை பகடை என்று. 5ஆம் லெவலில் அது சரியான கணக்குதான். 20ஆம் லெவலில் நான் அதை இரண்டாவது இடத்தில் வைப்பேன். முதல் கேள்வி வேறு: உங்கள் முறை வரும்போது, அந்த முறை உங்களிடம் இருக்குமா? உச்ச லெவல் எதிரிகள் ஆளைக் கொல்வதைவிட அதிகமாகச் செய்வது ஆளை முடக்குவது. பயமுறுத்துவார்கள், ஸ்டன் செய்து செயலற்றுப் போகவைப்பார்கள், வேறு உலகத்துக்கு அனுப்புவார்கள், புத்தியையே அழிப்பார்கள். எட்டு அடி அடிக்கக்கூடிய வீரன் மூன்று சுற்று அசையாமல் நின்றால், அந்த மூன்று செஷனில் ஒன்று அவனுக்கு வீணாய்ப் போயிற்று.

இதை எண்களில் பார்த்தால்தான் உறைக்கும். பழம்பெரும் சிவப்பு டிராகனை எடுத்துக்கொள்வோம். சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் கடுமை அளவு) 24, ஏசி (அடி விழ உருட்டலில் எட்ட வேண்டிய எண்) 22, 546 ஹெச்பி (உயிர்ப்புள்ளிகள்). அதன் நெருப்பு மூச்சு 90 அடிக் கூம்பாக விரியும். 26 ஆறுபக்கப் பகடை, சராசரி 91. பாதியாகக் குறைக்க டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ் 24 எடுக்க வேண்டும், அதாவது ஆபத்திலிருந்து தப்ப இருபதுபக்கப் பகடையை உருட்டி, அந்தத் திறனின் போனஸையும் கூட்டி 24ஐ எட்ட வேண்டும். டெக்ஸ்டெரிட்டி +2 உள்ள, அந்தச் சேவில் தேர்ச்சி (லெவலோடு ஏறும் கூடுதல் போனஸ்) இல்லாத விசார்ட் 20 உருட்டினாலும் 22தான் வரும். சேவ்களில் 20 விழுந்தாலே தானாக வெற்றி என்று இந்த விதிகளில் இல்லை. ஆக, அவருக்கு அந்தச் சேவ் ஒரு சடங்குதான். அடுத்து அதன் அச்சமூட்டும் தோற்றம்: 120 அடிக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் விஸ்டம் சேவ் 21 எடுக்க வேண்டும். விஸ்டம் 10 உள்ள ஃபைட்டருக்கு அதிகபட்சம் 20. அவர் பயந்தே தீர வேண்டும். பயந்தவர் டிராகனை நோக்கி ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது, அடித்தாலும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும்). கையில் வாள் வைத்திருக்கும் ஆளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா?

சின்ன லெவலில் எல்லாச் சேவுக்கும் கொஞ்சமாவது வாய்ப்பு இருக்கும். லெவல் ஏற ஏற எதிரியின் எண் ஏறுகிறது, ஆனால் தேர்ச்சி இல்லாத உங்கள் சேவ்கள் 1ஆம் லெவலில் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. உச்ச லெவலில் பாத்திரம் செய்வது என்றால் முக்கால்வாசி இந்த ஓட்டையை அடைக்கும் வேலை. எந்த வகுப்பு எப்படி அடைக்கிறது என்று பார்ப்போம்.

ஃபைட்டர்

புதிதாக உச்ச லெவலுக்கு வருபவர்களுக்கு நான் கூச்சமில்லாமல் பரிந்துரைப்பது ஃபைட்டர். “அது ரொம்பச் சாதாரணம்” என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. மற்றப் பெரும்பாலான வகுப்புகளுக்குத் திறன் உயர்வு ஐந்து முறை கிடைக்கிறது, ஃபைட்டருக்கு ஏழு. ஸ்ட்ரெங்த்தை 20 ஆக்க இரண்டு போனாலும், திறன் உயர்வுக்குப் பதிலாக எடுக்கும் சிறப்புத் திறமைகளான ஃபீட்களுக்கு ஐந்து மிஞ்சும். அதில் ஒன்றை ‘ரெசிலியன்ட்’ எடுத்து விஸ்டம் சேவுக்குப் போடுங்கள். அது அந்தச் சேவில் தேர்ச்சி தரும், 17ஆம் லெவலிலிருந்து தேர்ச்சி போனஸ் +6. விஸ்டமை முதலிலேயே 11 என்று வைத்தால் அந்த ஃபீட் அதை 12 ஆக்கும், சேவ் +7 ஆகும். மேலே சொன்ன அச்சமூட்டலில் பூஜ்யமாக இருந்த வாய்ப்பு 35 சதவீதமாகிறது. அதற்குமேல் ‘இன்டாமிட்டபிள்’ இருக்கிறது: தோற்ற சேவை ஒரு நாளில் மூன்று முறை மறுபடி உருட்டலாம். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எப்படி உருட்டினாலும் ஜெயிக்கவே முடியாத சேவை மறுபடி உருட்டிப் பிரயோஜனமில்லை. இன்டாமிட்டபிளுக்கு உயிர் கொடுப்பதே ரெசிலியன்ட்தான்.

அடி விஷயத்துக்கு வருவோம். 20ஆம் லெவலில் ஒரு அட்டாக்கில் நான்கு அடி. ஆக்‌ஷன் சர்ஜ் (ஒரே முறையில் இன்னொரு செயல்) போட்டால் அந்தச் சுற்றில் எட்டு. +2 பெருவாளோடு ஏசி 22ஐ அடிக்கும் வாய்ப்பு 60 சதவீதம், ஒரு அடிக்குச் சராசரி 14, ஆக ஒரு சுற்றுக்கு 35 பக்கம். ‘கிரேட் வெப்பன் மாஸ்டர்’ ஃபீட்டை வைத்து ஐந்தைக் கழித்துப் பத்தைக் கூட்டினால் வாய்ப்பு 35 சதவீதத்துக்கு இறங்கி, ஒரு அடிக்கு 24 ஆகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 35தான் வரும். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற அந்த ஃபீட் இந்த டிராகன் முன்னால் தனியாக ஒன்றும் கூட்டுவதில்லை. ஆனால் யாராவது ஃபைட்டருக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி அதிகமானதை எடுப்பது) வாங்கிக் கொடுத்தால் அதே ஃபீட் சுற்றுக்கு 55க்கு மேல் கொண்டுபோகும். ஃபைட்டரின் உச்சம் கூட்டாளிகளைப் பொறுத்தது என்று நான் சொல்வது இதனால்தான். பேட்டில் மாஸ்டராக இருந்தால் அடி தவறும்போது பகடையைக் கூட்டிக்கொள்ளும் உத்தி ஒன்று கையில் இருக்கும், அதைத் தவறவிட வேண்டாம்.

கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 16 என்று வைத்தால் ஃபைட்டருக்கு 184 ஹெச்பி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

குறை என்ன? சண்டை இல்லாத நேரத்தில் ஃபைட்டரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. விசார்ட் கண்டம் விட்டுக் கண்டம் தாவுவார், பூசாரி வகுப்பான கிளெரிக் செத்தவரை எழுப்புவார். ஃபைட்டர் பேசுவார், நடப்பார், சுமப்பார். உங்கள் டிஎம் அரசியலும் மர்மமும் நிறைய வைப்பவர் என்றால் இது வலிக்கும். அதோடு பறப்பதற்கு ஏதாவது இல்லாமல் இந்த லெவலுக்கு ஃபைட்டரைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். டிராகன் ஒரு முறையில் 80 அடி பறக்கும்.

விசார்ட்

20ஆம் லெவல் விசார்ட் இந்த விளையாட்டின் மிகப் பெரிய கருவிப்பெட்டி. அதனாலேயே நேராக 20இல் ஆரம்பிக்கிறவருக்கு மிகக் கஷ்டமான தேர்வும் அதுதான். மந்திரப் புத்தகத்தில் குறைந்தது 44 மந்திரங்கள் எழுத வேண்டும். அதிலிருந்து தினமும் 25 தயார் செய்ய வேண்டும். 1ஆம் லெவலிலிருந்து வந்தவர் இதை லெவலுக்கு இரண்டாகக் கற்றுக்கொண்டு வருவார், ஒவ்வொன்றும் எங்கே காப்பாற்றியது, எங்கே கைவிட்டது என்று அனுபவத்தில் தெரியும். ஒரே வாரத்தில் 44ஐ எழுதிக்கொண்டு வருபவர் மேஜையில் என்ன செய்வார்? ஒவ்வொரு முறையும் பக்கம் புரட்டுவார். நான்கு பேர் காத்திருப்பார்கள். என் அளவுகோலில் இதுவும் முறையை இழப்பதுதான், எதிரி ஒன்றும் செய்யாமலேயே இழப்பது.

தெரிந்தவர் கையில் கதை வேறு. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: உச்ச லெவலில் நல்ல விசார்டையும் சுமாரான விசார்டையும் பிரிப்பது ‘லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ்’ பற்றிய புரிதல்தான். பெரிய எதிரிகள் தோற்ற சேவை ஒரு நாளில் மூன்று முறை ஜெயித்ததாக மாற்றிக்கொள்ளலாம். ஆக, மந்திரங்களின் உச்சமான 9ஆம் லெவலுக்கு இருக்கிற ஒரே ஒரு ஸ்லாட்டை, அதாவது அந்த அளவு மந்திரத்தை ஒரு நாளில் போடும் வாய்ப்பை (20ஆம் லெவலிலும் ஒன்றுதான்) சேவ் கேட்கிற மந்திரத்தில் முதல் சுற்றிலேயே போட்டால், டிராகன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடும். ‘மீட்டியர் ஸ்வார்ம்’ நாற்பது பகடை, சராசரி 140 என்று ஆசையாக இருக்கும். அதில் பாதி நெருப்பு. சிவப்பு டிராகனுக்கு நெருப்பு ஒட்டாது. மிச்சம் 70, அதுவும் சேவுக்கு உட்பட்டது.

அதே ஸ்லாட்டில் காலையிலேயே ‘ஃபோர்சைட்’ போட்டு ஃபைட்டர் தோளில் கை வைத்தால்? எட்டு மணிநேரம் அவருக்கு எல்லா உருட்டலிலும் அட்வான்டேஜ், அவரை அடிப்பவர்களுக்கு டிஸ்அட்வான்டேஜ். கன்சன்ட்ரேஷன் (மந்திரம் நீடிக்கக் கவனம் சிதறாமல் காப்பது) வேண்டாம், எதிரியின் சேவ் வேண்டாம். ஃபைட்டரின் 35ஐ 55க்கு மேல் ஏற்றுவது இந்த ஒரு மந்திரம். தன் பெயரில் டேமேஜ் எழுதிக்கொள்ள ஆசைப்படாத விசார்ட்தான் மேஜையிலேயே பெரிய ஆள்.

சேவே கேட்காத மந்திரங்களையும் தேடிப் பிடியுங்கள். ‘மேஸ்’ 8ஆம் லெவல். எதிரியை ஒரு புதிர்ப்பாதை உலகத்துக்குள் தள்ளிவிடும், வெளியே வர இன்டெலிஜென்ஸ் சோதனையில் 20 எடுக்க வேண்டும். அது சேவ் இல்லை, சோதனை. லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் அங்கே செல்லாது. டிராகனின் இன்டெலிஜென்ஸ் +4, அதனால் ஒரு முறைக்கு 25 சதவீதம்தான் வாய்ப்பு. டராஸ்க் என்னும் 676 ஹெச்பி மலைக்கு இன்டெலிஜென்ஸ் 3, அதாவது −4. அது 20 உருட்டினாலும் 16தான். உங்கள் கன்சன்ட்ரேஷன் நிற்கும்வரை, அதிகபட்சம் பத்து நிமிடம், அது வெளியே வர வழியே கிடையாது. அந்தப் பத்து நிமிடத்தில் ஊரைக் காலி செய்யலாம்.

‘விஷ்’ பற்றி ஒரு வார்த்தை. 8ஆம் லெவல் வரையுள்ள எந்த மந்திரத்தையும் பொருட்செலவு இல்லாமல் அப்படியே போட அதைப் பயன்படுத்துவதுதான் அதன் உண்மையான பலம். அதைத் தாண்டி எதையாவது வேண்டினால் ஸ்ட்ரெங்த் 3க்கு விழும், அடுத்த நீண்ட ஓய்வுவரை போடுகிற ஒவ்வொரு மந்திரத்துக்கும் அடி வாங்க வேண்டும், இனி எப்போதுமே விஷ் போட முடியாமல் போக 33 சதவீத வாய்ப்பு. மூன்று செஷன் கதையில் கடைசி நாளில் அந்த ஆபத்தை எடுப்பது எனக்குப் பிடிக்கும். நெடுங்கதையில் எடுக்க மாட்டேன். ‘சிமுலாக்ரம்’ வைத்து தன்னையே இரட்டிப்பாக்கும் தந்திரத்தை மட்டும் முன்கூட்டியே டிஎம்மிடம் கேட்டுவிடுங்கள். பலர் அனுமதிப்பதில்லை, அதற்கு நியாயமும் இருக்கிறது: ஒருவருக்கு இரண்டு முறை வந்தால் மற்றவர்களின் மாலை சுருங்கிவிடும்.

இப்போது பலவீனம். கான்ஸ்டிட்யூஷன் 14 என்றால் விசார்டுக்கு 122 ஹெச்பி. 20ஆம் லெவல் விசார்டுகளுக்கு எதிராக அடிக்கடி வருவது லிச் என்னும் சாவைத் தாண்டிய மந்திரவாதி. அதன் கையில் ‘பவர் வேர்ட் ஸ்டன்’ இருக்கிறது: 150 அல்லது அதற்குக் கீழே ஹெச்பி உள்ளவர் சேவ் இல்லாமலே ஸ்டன் ஆவார். ‘பவர் வேர்ட் கில்’ இருக்கிறது: 100 அல்லது அதற்குக் கீழே என்றால் நேராகச் சாவு. முழு ஹெச்பியோடு நிற்கும் விசார்டே முதல் கோட்டுக்குக் கீழே இருக்கிறார். ஸ்டன்னிலிருந்து மீள ஒவ்வொரு முறையின் முடிவிலும் கான்ஸ்டிட்யூஷன் சேவ் 20 எடுக்க வேண்டும், விசார்டுக்கு அதில் தேர்ச்சி இல்லை. ஃபைட்டரின் 184 இங்கேதான் பேசுகிறது. எதிரியின் மந்திரத்தைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல்லைக் குறைந்த ஸ்லாட்டில் போட்டால், ஸ்டன்னைத் தடுக்க 18 எடுக்க வேண்டும், இன்டெலிஜென்ஸ் 20 இருந்தும் வாய்ப்பு 40 சதவீதம்தான். லிச் எதிரே வரும் என்று தெரிந்தால் பெரிய ஸ்லாட் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். ரெசிலியன்ட் ஃபீட்டைக் கான்ஸ்டிட்யூஷனுக்கு எடுக்காத விசார்டை உச்ச லெவலுக்கு நான் கொண்டு வர மாட்டேன், கன்சன்ட்ரேஷனுக்கும் அதே சேவ்தான்.

பாலடின், இரண்டு விதமாக

சேவ் ஓட்டையை அடைப்பதில் பாலடினுக்கு நிகர் யாருமில்லை. 6ஆம் லெவலில் வரும் பாதுகாப்பு ஒளிவட்டம், அருகில் நிற்கும் கூட்டாளிகள் எல்லாருடைய எல்லாச் சேவ்களிலும் பாலடினின் கரிஸ்மாவைக் கூட்டுகிறது. கரிஸ்மா 20 என்றால் +5. மூச்சுக்கு எதிராக வாய்ப்பே இல்லாத அந்த விசார்டுக்கு இப்போது 20 சதவீதம். ரெசிலியன்ட் எடுத்த ஃபைட்டரின் அச்ச சேவ் 35இலிருந்து 60. ஒருவர் எழுந்து நின்றால் ஐந்து பேரின் முறை பத்திரமாகிறது. விளையாட்டில் இதற்கு ஈடான இன்னொரு அம்சத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதனால்தான் பாலடின் 6 லெவல், சார்சரர் (பிறவியிலேயே மந்திரம் கைவந்தவர்) 14 லெவல் என்ற கலப்பு இவ்வளவு பிரபலம். ஒளிவட்டம் வந்தவுடன் சார்சரர் பக்கம் தாவிவிடலாம். மந்திர ஸ்லாட் கணக்கில் பாலடின் லெவலில் பாதி, சார்சரர் லெவல் முழுதும் சேரும்: 3, 14, ஆக 17ஆம் லெவல் மந்திரவாதியின் ஸ்லாட்கள், மொத்தம் 19. 9ஆம் லெவல் ஸ்லாட்கூட ஒன்று வரும், ஆனால் கற்ற மந்திரங்கள் 7ஆம் லெவலோடு நின்றுவிடும். 20 லெவலும் பாலடினாக இருப்பவருக்கு 15 ஸ்லாட், அதிகபட்சம் 5ஆம் லெவல். டிவைன் ஸ்மைட் போட்டு ஸ்லாட்டை அடியாக மாற்றுவதில் கலப்புக்கு நிறைய எரிபொருள். அதற்கு மேல் ‘ஷீல்ட்’ மந்திரம், மந்திரங்களை மாற்றியமைக்கும் மெட்டாமேஜிக், அதற்குச் செலவழிக்க 14 சார்சரிப் புள்ளிகள்.

ஆனாலும் 20ஆம் லெவலில் நான் கலப்பில்லாத பாலடினைத்தான் எடுப்பேன். முக்கியக் காரணம் தூரம். 6ஆம் லெவல் பாலடினின் ஒளிவட்டம் 10 அடி. 18ஆம் லெவலில் அது 30 அடியாகிறது. 10 அடி வட்டத்தில் ஐந்து பேர் ஒட்டி நின்றால், டிராகனின் 90 அடிக் கூம்பு ஐந்து பேரையும் ஒரே மூச்சில் அள்ளும். பாதுகாப்புக்காக ஒன்றுகூடியதே ஆபத்தாகிவிடும். 30 அடி இருந்தால் பிரிந்து நிற்கலாம், வில்லாளி பின்னால், வாளேந்தி முன்னால், எல்லாரும் இன்னும் வட்டத்துக்குள். 10ஆம் லெவலில் வரும் துணிவு ஒளிவட்டமும் கலப்புக்குக் கிடையாது. அது இருந்தால் வட்டத்துக்குள் யாருக்கும் பயமே பிடிக்காது. டிராகனின் அச்சமூட்டலுக்கு 60 சதவீதம் என்று கணக்குப் பார்க்கவே வேண்டாம். ஃபைட்டரின் மிகப் பெரிய ஓட்டை அங்கேயே மூடியாயிற்று.

ஹெச்பியும் பேசுகிறது. கான்ஸ்டிட்யூஷன் 14 வைத்தால் முழுப் பாலடினுக்கு 164, கலப்புக்கு 136. நடுவில் ஓடுவது லிச்சின் 150 என்ற கோடு. டிராகன் பரம்பரைச் சார்சரராக இருந்தால் கூடுதலாக 14 வந்து சரியாக 150 ஆகும், அதுவும் கோட்டுக்கு உட்பட்டதுதான். கையால் தொட்டுக் குணமாக்கும் தொகுப்பு கலப்புக்கு 30, முழுப் பாலடினுக்கு 100. திறன் உயர்வு கலப்புக்கு நான்கு, முழுப் பாலடினுக்கு ஐந்து. ஸ்ட்ரெங்த்தும் வேண்டும், கரிஸ்மாவும் வேண்டும், கான்ஸ்டிட்யூஷனும் வேண்டும் என்கிற ஆளுக்கு அந்த ஒன்று பெரிய விஷயம். சார்சரர் மந்திரங்களை வாளும் கேடயமுமாக நின்று போட ‘வார் காஸ்டர்’ ஃபீட்டும் தேவைப்படும்.

பறப்பது எப்படி என்று கேட்டால், வெஞ்சன்ஸ் உறுதிமொழி எடுத்த பாலடினுக்கு 20ஆம் லெவலில் சிறகு முளைக்கும். ஒரு மணிநேரம், 60 அடி வேகம். ஒரு பெரிய சண்டைக்கு அது தாராளம்.

கலப்பு மோசம் என்று நான் சொல்லவில்லை. 8இலிருந்து 16வரை போகிற ஆட்டத்தில், சின்னக் குழுவில், ஒருவரே வாளும் மந்திரமும் பார்க்க வேண்டும் என்றால் அதைவிட நல்லது கிடைப்பது அரிது. தனி ஆளாகப் பார்த்தாலும் அதுதான் மின்னும். நான்கைந்து பேர் உட்காரும் 20ஆம் லெவல் மேஜையில், மின்னுவதைவிட மற்றவர்களை நிற்கவைப்பது எனக்கு முக்கியம்.

மற்றவை, சுருக்கமாக

கிளெரிக்குக்கு இந்த ஒப்பீட்டில் ஒரு நல்ல இடம் உண்டு, ‘ஹீரோஸ் ஃபீஸ்ட்’ என்ற 6ஆம் லெவல் மந்திரத்துக்காகவே. 1,000 பொற்காசு மதிப்புள்ள கிண்ணம் ஒன்று செலவாகும். பன்னிரண்டு பேர்வரை உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் 24 மணிநேரத்துக்குப் பயம் கிடையாது, விஷம் ஏறாது, விஸ்டம் சேவ்களில் அட்வான்டேஜ். குழுவில் பாலடின் இல்லையென்றால் யாராவது ஒருவர் கிளெரிக் எடுத்தே ஆக வேண்டும் என்பேன். 20ஆம் லெவலில் தெய்வத் தலையீடு பகடை இல்லாமலே பலிக்கும். ஒருமுறை பலித்தால் பிறகு ஏழு நாள் காத்திருக்க வேண்டும், ஆக மூன்று செஷன் கதையில் ஒரே தடவைதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துறவி வீரரான மாங்க் பற்றி யாரும் பேசுவதில்லை. 14ஆம் லெவலிலேயே எல்லாச் சேவ்களிலும் தேர்ச்சி வந்துவிடுகிறது, தோற்றால் ஒரு கீ (மாங்கின் சக்திப் புள்ளி) செலவழித்து மறுபடி உருட்டலாம். என் அளவுகோலில் தன் முறையைத் தானே காப்பாற்றிக்கொள்வதில் முதல் மாணவர் இவர்தான். ஆனால் இவரின் பெரிய ஆயுதமான ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் டிராகனிடம் எடுபடாது. டிராகனின் கான்ஸ்டிட்யூஷன் சேவ் +16, மாங்க் கேட்பது 19. முறை கையில் இருக்கும், அதில் செய்ய வேலை குறைவு.

மிருகமாக உருமாறும் மூன் வட்டத்து டுரூயிட் 20ஆம் லெவலில் மட்டும் ஒரு பெரும் தாவல் தாவுகிறது: உருமாற்றத்துக்கு எல்லையே இல்லை. ஒவ்வொரு முறையும், முறைக்கு ஒன்றாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் புது மாமூத், ஒவ்வொன்றுக்கும் 126 ஹெச்பி. 19ஆம் லெவலில் இது கிடையாது, ஓய்வுக்கு இரண்டு முறைதான். ஆட்டம் 17இலோ 18இலோ ஆரம்பித்தால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள். திருடர் வகுப்பான ரோகுக்கோ எக்ஸ்பர்டைஸ் (இரட்டைத் தேர்ச்சி) எடுத்த திறமைகளில் பகடை எப்படி விழுந்தாலும் 27க்குக் குறையாது, கதை பூட்டும் பேச்சும் ஒளிதலுமாக இருந்தால் ராஜா. பாணர் வகுப்பான பார்டும் தனிச் சார்சரரும் 20ஆம் லெவலில் பெறுவது மிகச் சொற்பம். அவற்றை எடுத்தால் 17 அல்லது 18இல் நிறுத்தி மிச்சத்தை வேறு வகுப்பில் போடுவதில் நஷ்டமில்லை.

கையில் காசும் பொருளும்

17ஆம் லெவலிலோ அதற்கு மேலோ நேராக ஆரம்பிப்பவருக்கு டிஎம் வழிகாட்டி நூல் சொல்வது 20,000 பொற்காசு, அதோடு பத்துப்பக்கப் பகடையில் விழும் எண்ணை 250ஆல் பெருக்கியது. வழக்கமான உலகமாக இருந்தால் இரண்டு அன்காமன் மந்திரப் பொருள், அதைவிட அரிதான ஒரு ரேர் பொருள். பலரும் ரேரை ஆயுதத்தில் போட்டுவிட்டு அன்காமனைப் பற்றி யோசிப்பதே இல்லை. வாளேந்திகளுக்கு நான் சொல்வது: ஒரு அன்காமன், பறக்கும் பூட்ஸ். இன்னொன்று, ஏசியோடு எல்லாச் சேவ்களிலும் ஒன்று கூட்டும் பாதுகாப்புப் போர்வை. காசில் கொஞ்சத்தை வைரமாக மாற்றிக் கிளெரிக்கிடம் கொடுத்துவையுங்கள். ‘ரிவிவிஃபை’ ஒவ்வொரு முறையும் 300 பொற்காசு வைரத்தைத் தின்னும், அது ஒரு நிமிடத்துக்குள் நடக்க வேண்டிய காரியம், அப்போது கடை தேட முடியாது.

2024 விதிகளில் ஆடினால்

சில தீர்ப்புகள் மாறும். டிவைன் ஸ்மைட் இப்போது ஒரு மந்திரம், போனஸ் ஆக்‌ஷன் கேட்கும், ஆக முறைக்கு ஒன்றுதான். பாலடின்–சார்சரர் கலப்பின் மவுசு இதிலேயே பாதி இறங்கிவிட்டது. ஒளிவட்டம் அப்படியே இருக்கிறது. இன்டாமிட்டபிளில் மறுபடி உருட்டும்போது ஃபைட்டர் லெவலையும் கூட்டிக்கொள்ளலாம், அதாவது +20. நாளுக்கு மூன்று சேவ்கள் ஏறக்குறைய கையில் என்று அர்த்தம், ரெசிலியன்ட் இனி கட்டாயமில்லை. மூன் டுரூயிட்டின் எல்லையற்ற மாமூத் போய்விட்டது. 19ஆம் லெவலில் எல்லாருக்கும் எபிக் பூன் என்னும் உச்ச வரம் கிடைக்கிறது. மொத்தத்தில் புது விதிகளில் ஃபைட்டர் எடுப்பவர் முன்பைவிடப் பத்திரமானவர்.

எதை எடுப்பது?

உச்ச லெவல் உங்களுக்கு முதல் தடவை, மந்திரப் பட்டியல் படிக்கப் பொறுமை இல்லை என்றால் ஃபைட்டர். ஐந்து ஃபீட்களில் ஒன்று விஸ்டம் சேவுக்கு, பறக்க ஒரு வழி, இந்த இரண்டும் இருந்தால் போதும், மிச்சத்தை உங்கள் விருப்பத்துக்கு எழுதுங்கள். 10ஆம் லெவல் வரையாவது விசார்டை ஆடியிருக்கிறீர்கள், கவுன்டர்ஸ்பெல்லின் விதியைப் புத்தகம் பார்க்காமல் சொல்வீர்கள் என்றால் விசார்டை எடுங்கள். ஆனால் 25 மந்திரங்களையும் தயார் செய்துகொண்டு, அதில் சண்டைக்கென்று எட்டைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். 18ஆம் லெவலில் வரும் ‘ஸ்பெல் மாஸ்டரி’க்கு ஷீல்டும் ‘மிஸ்டி ஸ்டெப்’பும் என்று வைத்தால் இரண்டையும் ஸ்லாட் செலவில்லாமல் எத்தனை முறையும் போடலாம், அந்த 122 ஹெச்பிக்கு அதுதான் கவசம்.

என்னைக் கேட்டால், வெஞ்சன்ஸ் பாலடின் 20. குழுவில் வேறு யாரும் பாலடின் இல்லை என்று உறுதி செய்துகொண்டு எடுப்பேன், ஏனென்றால் இரண்டு பாலடின்களின் ஒளிவட்டங்கள் ஒன்றோடொன்று கூடாது, பெரியது மட்டும்தான் செல்லும். வேறொருவர் ஏற்கனவே எடுத்துவிட்டார் என்றால் நான் ஃபைட்டர் எடுத்து, அவருடைய 30 அடிக்குள் நின்று ஆடுவேன்.